மாசு புறப்படும் இடத்தைத் தேட வேண்டும்: இரு வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் நெடுங்காலம் வேதியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வடசென்னையில் வசிக்கும் ஒருவன் எழுதும் மடல் இது. இரண்டு வாரியங்களுக்கும் சேர்த்தே எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழாயில் வரும் தண்ணீர் ஒருவர் பொறுப்பு, ஆலையிலிருந்து வெளியேறும் கழிவு இன்னொருவர் பொறுப்பு என்று கோப்புகள் பிரிந்து கிடக்கின்றன. குடிநீரில் ரசாயனம் கலந்துவிட்டால், அது எப்படி நேர்ந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால்தான் கிடைக்கும்.

தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது, நிறம் மாறியிருக்கிறது என்று ஒரு தெருவிலிருந்து புகார் போனால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். குடிநீர் வாரிய டிப்போவிலிருந்து ஊழியர் வருவார். சோதனைக் குப்பியில் சொட்டு விட்டுக் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துச் செல்லப்படும். சில நாள் லாரித் தண்ணீர் வரும். அடிபம்பாகவோ ஆழ்துளைக் கிணறாகவோ இருந்தால், அதைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு ஓர் அறிக்கை வரும், குடிக்க உகந்தது அல்லது உகந்ததல்ல என்று. வந்து பார்த்துப் போகும் ஊழியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுத்தனுப்பப்படும் கேள்வியே அவ்வளவுதான். இந்த மாசு எங்கிருந்து புறப்பட்டது, எந்த வழியாக இந்தக் குழாய்க்கு வந்தது என்ற கேள்வியை அந்த நடைமுறையில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மற்றவை எல்லாம் அதற்கான விளக்கம்.

நம் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பரிசோதனைக் கூடம் தன் எண்ணை இந்த எண்ணோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறது. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் போட்டேன், அதில் தவறும் இல்லை. ஆனால் வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று சொல்லும் எண், யார் கலந்தது என்று சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய தகவல், பல வேளைகளில் அதே பாட்டிலில் இருந்தும், அளக்கப்படாமலே கீழே ஊற்றப்படுகிறது.

குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துக் கிணறு ஒன்றிலும் அம்பத்தூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றிலும் ஒரே அளவு குரோமியம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் கொண்டு வருவார்கள். பிறகு குரோமியம் சல்பேட்டில் ஊற வைப்பார்கள். ஆகவே அங்கிருந்து வரும் குரோமியம் சோடியம், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றைக் கூடவே அழைத்துக்கொண்டு வரும்; கரைந்த உப்புகளின் அளவு எகிறியிருக்கும். அம்பத்தூர்ப் பக்கத்து உலோக முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிவதில் அந்த உப்புச்சுமை இராது. பதிலாக நிக்கல், துத்தநாகம், சில வேளை சயனைடு ஆகியவற்றின் தடம் இருக்கும், குரோமியமும் நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்தில் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய வெளிநாட்டுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அதே மாதிரியில் இன்னும் ஐந்தாறு பொருள்களை அளந்து, அவற்றின் விகிதத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. எங்கள் துறையில் இதைக் கைரேகை எடுப்பது என்போம்.

நைட்ரேட் இன்னும் பரவலான தொல்லை. நகருக்குள் அது பெரும்பாலும் கழிவுநீரிலிருந்துதான் வருகிறது என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள், ஊகம் அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனால் உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாயா, பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியா, கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளிலிருந்து இறங்கும் சாறா, புறநகர் வயலில் போட்ட உரமா என்பதைப் பொறுத்துத் தீர்வு முற்றிலும் மாறும். நைட்ரஜனில் எடை கூடிய 15, எடை குறைந்த 14 என்று இரண்டு நிலையான அணு வகைகள், அதாவது ஐசோடோப்புகள், உண்டு. காற்றிலிருந்து தயாரித்த உரத்தில் இவற்றின் விகிதம் காற்றில் உள்ளதை ஒட்டியே இருக்கும். மனித, கால்நடைக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டில் கனமான 15-இன் பங்கு தெளிவாகக் கூடியிருக்கும். இது கொஞ்சம் செலவு பிடிக்கும் சோதனை. வேறு துணைச்சான்றுகளும் உண்டு. செயற்கை இனிப்பூட்டிகளான அசசல்ஃபேமும் சுக்ரலோசும் நம் உடலில் பெரிதாகச் சிதையாமல் வெளியேறுபவை, மண்ணிலும் எளிதில் அழியாதவை. ஒரு கிணற்று நீரில் அவை தென்பட்டால் மனிதர் வீட்டுக் கழிவு அங்கே எட்டியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம், ஏனென்றால் எந்த வயலிலும் எவரும் சர்க்கரை இல்லாத குளிர்பானத்தைத் தெளிப்பதில்லை.

உப்புநீர் விஷயத்திலும் இதே நிலைதான். மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த வரலாறு தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரிக்கும் தண்ணீரெல்லாம் கடல்நீர் என்று அதன் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடல்நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள எடை விகிதம் ஏறத்தாழ 290. சமையல் உப்பு கலந்த கழிவுநீரில் அது பொதுவாக இதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் உப்பளத்தில் உப்பு படியும்போது புரோமைடின் பெரும்பகுதி, மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கரிப்பின் பழியைக் கடல்மேல் போடுவதற்கு முன் இந்த ஓர் எண்ணையாவது பார்க்கலாம்.

இந்த முறைகள் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயப்படுவோர் தண்டையார்பேட்டையை நினைவுகூர வேண்டும். 2013-இல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயில் கசிவு என்பது பிறகு தெரிந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மண்ணையும் நீரையும் தூய்மைப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, தீக்குச்சி கிழித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு எண்ணெய் வந்ததால்தான் அது இவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்துக்கு வந்தது. எண்ணெய் மேலே மிதப்பதற்கு வெகு முன்பே, அதிலுள்ள பென்சீன், டொலுயீன் போன்றவை தண்ணீரில் கரைந்து முன்னால் நகர்ந்திருக்கும். கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால் பெட்ரோல் ஒரு வரிசையையும் டீசல் அதைவிடக் கனமான கார்பன் சங்கிலிகளைக் கொண்ட வேறொரு வரிசையையும் காட்டும்; நாள்பட்ட கசிவையும் புதுக் கசிவையும்கூடப் பெருமளவுக்குப் பிரிக்கலாம். குழாய்ப் பாதையை ஒட்டிச் சில கண்காணிப்புக் கிணறுகள் இருந்து, ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனை நடந்திருந்தால், கண்டுபிடிப்பது குடியிருப்போரின் மூக்கின் வேலையாக இருந்திருக்காது.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தடம் பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது. குடிநீர்க் கம்பெனி பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து, மதிய வெயிலில் பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுவந்த மாதிரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவியாகும் பொருள்களுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி வேண்டும். அதைத் தளும்பத் தளும்ப நிரப்பி மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கடுகளவு காற்றுக்குமிழி தெரிந்தாலும் அதைக் கொட்டிவிட்டுப் புதுக் குப்பியில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உலோகங்களுக்கென்று எடுக்கும் பாட்டிலில் தூய நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும், இல்லையேல் ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அறிக்கையில் குறைவாக வரும். நைட்ரேட்டுக்கான மாதிரி பனிக்கட்டிப் பெட்டியில் போக வேண்டும். ஒரே பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து எல்லாவற்றையும் சோதித்ததாக வரும் அறிக்கையில் பாதி எண்கள், மன்னிக்கவும், வெறும் அலங்காரம்.

குழாய் நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. சென்னையில் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதில்லை; விட்டு விட்டு வருகிறது. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லை, பக்கத்தில் சாக்கடை கசிந்தாலும் ஆலைக் கழிவு ஊறினாலும் இணைப்புகளின் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இந்த இழுப்பை இன்னும் கூட்டுகின்றன. இதையே தடம் காணவும் பயன்படுத்தலாம். தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில் ஒரு மாதிரி, அரை மணி கழித்து ஒன்று, நிற்பதற்குச் சற்று முன் ஒன்று என்று எடுத்தால், முதல் மாதிரியில் மட்டும் மாசு இருந்தால் ஓட்டை அந்தத் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கிறது. கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் மேலே, நீரேற்று நிலையத்தையோ அதற்கும் முந்திய இடத்தையோ பார்க்க வேண்டும். கழிவு கலந்தால் தண்ணீரில் மீந்திருக்கும் குளோரின் செலவாகிவிடும்; ஆகவே தெருவின் நீளத்துக்குக் குளோரின் எச்சத்தை அளந்துகொண்டே போனால், எந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் அது திடீரென்று விழுகிறதோ அங்கே தோண்டலாம். குளோரின் பார்க்கும் ஊழியர் இப்போதே இருக்கிறார். அவர் அந்த எண்ணை வீட்டு எண்ணோடும் நேரத்தோடும் குறித்து வரைபடத்தில் ஏற்றுவது ஒன்றுதான் புதிது.

மாசு வீட்டுக்குள்ளேயே பிறப்பதும் உண்டு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014-இல் நீராதாரத்தை மாற்றியபோது, புது நீர் குழாயை அரிப்பதைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய இணைப்புக் குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. வழங்குமிடத்தில் பார்த்த சோதனைகள் அதைக் காட்டவில்லை. வீட்டுக் குழாயில் அதிகாலையில் முதலில் வரும் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தபோதுதான் பிடிபட்டது. நம் ஊரில் பி.வி.சி. குழாய்களில் பிளாஸ்டிக் சிதையாமலிருக்கச் சேர்க்கும் ஈய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் பதித்த குழாய்கள் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பூண்டியும் புழலும், வீராணமும் கிருஷ்ணா நீரும், மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் நிலையங்களும் என்று ஆதாரங்களை மாற்றி மாற்றி வழங்கும் நகரம் இது. உப்பு நீக்கிய நீரும் ஏரி நீரும் ஒரே குழாயை ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதால், ஆதாரம் மாறும் பகுதிகளில் வீட்டுக் குழாயின் முதல் தண்ணீரைச் சோதிப்பது மிக அவசியம்.

நிலத்தடி நீருக்கு வருகிறேன். அது எந்தத் திசையில் நகர்கிறது என்று அறியாமல் எந்த ஆலையையும் சுட்டிக்காட்ட முடியாது. அதற்கு மூன்று கிணறுகள் போதும். அவற்றின் வாய்விளிம்பு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டு, ஒரே நாளில் மூன்றிலும் நீர்மட்டம் பார்த்தால், சரிவின் திசையை ஒரு தாளில் வரைந்துவிடலாம். பல்லாவரத்துச் சார்னக்கைட் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால் இந்தக் கணக்கு சில சமயம் ஏமாற்றும். வடக்கே கொசஸ்தலையாற்று வண்டலில் நன்றாகவே பொருந்தும். மணலில்கூட நிலத்தடி நீர் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் முதல் ஓரிரு மீட்டர் வரைதான் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று அடிபம்பில் வருவது பல்லாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு பட்டறையின் கழிவாக இருக்கலாம். இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அங்கே குவிந்து கிடந்த லட்சக்கணக்கான டன் கழிவு மழைதோறும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இயங்கும் ஆலைகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இப்படிப்பட்டவை ஒருபோதும் அகப்படா. சென்னையில் மூடப்பட்ட தோல் தொழிற்சாலைகள், பழைய பெட்ரோல் பங்க்குகள், முலாம் கூடங்கள், குப்பை கொட்டிய குட்டைகள் ஆகியவற்றின் வரைபடம் ஒன்று வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கொடுப்பவர்களுக்கும் அது உதவும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒரு தனிக் கோரிக்கை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பிரிவு 21, ஆலைக் கழிவின் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது: உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அப்படி எடுக்காத மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. ஆகவே குடிநீர் வாரியம் கிணற்றில் எவ்வளவு கவனமாகக் கண்டுபிடித்தாலும், அதே வாரத்தில் தங்கள் பொறியாளர் ஆலையின் வெளியேற்று வாயிலில் சட்டப்படி மாதிரி எடுக்காவிட்டால் சங்கிலி அறுந்துபோகிறது. வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவர் யார் என்று நிறுவ முடியாத இடத்தில் அந்தத் தீர்ப்பால் யாருக்கும் பயனில்லை. புகார் வந்தவுடன் இரு வாரியங்களின் ஊழியர்களும் ஒரே வண்டியில் புறப்பட்டு, ஒருவர் வீட்டுக் குழாயிலும் மற்றவர் ஆலை வாயிலிலும் ஒரே நாளில் மாதிரி எடுக்கும் ஏற்பாடு ஒன்றைத் தாங்கள் இருவரும் கூடி முடிவு செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு ஆலையும் ஆண்டுதோறும் தரும் அபாயக் கழிவு அறிக்கை தங்களிடம் இருக்கிறது. எந்தப் பட்டறையில் நிக்கல் கழிவு வருகிறது, எதில் வருவதில்லை என்பது அதிலிருந்து பெருமளவு தெரிந்துவிடும். அதைக் குடிநீர் வாரியத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் இந்தத் தேடலுக்கு அப்பால் நிற்கின்றன. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலும், சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து குழாயிலும் நீர் கொண்டுவந்தபோது, அந்த அரசு நீர் எங்கிருந்து வருகிறது என்றாவது நமக்குத் தெரிந்தது. தனியார் லாரி எந்த ஊர் வயல்கிணற்றில் நிரப்பியது என்று வாங்குபவருக்கு இன்றும் தெரியாது. நிரப்பிய இடமும் நேரமும் எழுதிய சீட்டு ஒவ்வொரு லாரியிலும் கட்டாயம் என்று ஆக்கினால், ஒரு குடியிருப்பில் தொல்லை வரும்போது பின்னோக்கிச் செல்ல ஒரு நூலாவது கிடைக்கும்.

அழியா வேதிப்பொருள்கள் எனப்படும் பி.எஃப்.ஏ.எஸ். வகைகளைப் பற்றி நீட்டி எழுதவில்லை. நம் நகரின் நீர்நிலைகளில் அவை இருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அமெரிக்கா 2024-இல் அவற்றுள் முக்கியமான இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது, ஐ.எஸ். 10500-இல் அவற்றுக்கு வரம்பே குறிக்கப்படவில்லை. வரம்பு வரும்வரை காத்திருக்காமல், எங்கிருந்து வருகின்றன என்று தேடத் தொடங்கலாம்.

எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தபோது, மக்கள் குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அது கிருமி பற்றிய ஐயம், ரசாயனம் பற்றியதல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. முந்தைய மாதங்களின் சோதனை எண்கள் தெருவாரியாக எல்லோர் பார்வைக்கும் இருந்திருந்தால், தண்ணீர்தான் காரணம் என்றாலும் இல்லை என்றாலும், பேசுவதற்கு ஒரு தரவு இருந்திருக்கும். அது இல்லாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. செலவைப் பற்றிய வாதம் இதைவிட நியாயமானது. எல்லாக் கிணற்றிலும் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லவில்லை. 200 வார்டுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிணறுகளையும் இரண்டு குழாய் முனைகளையும் நிலையாகத் தேர்ந்துகொண்டு, நீர்மட்டம், முக்கிய உப்புகள், நைட்ரேட், அம்மோனியா, சில உலோகங்கள் ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை அளந்தால், இயல்பு நிலை எது என்று தெரியும். விலை கூடிய ஐசோடோப்புச் சோதனையும் எண்ணெய்ப் பகுப்பும் அந்த இயல்பிலிருந்து விலகிய இடங்களுக்கு மட்டும் போதும். கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் கிண்டியைச் சுற்றியுள்ள கல்வி நிறுவனங்களிலேயே இருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மழைநீர் இறங்கியதும் மாசு நீர்த்துப்போய், தடங்கள் மங்கிவிடும். ஆகவே முதல் சுற்று மாதிரிகள் செப்டம்பருக்குள் எடுக்கப்பட வேண்டும், இரண்டாம் சுற்று ஜனவரியில். குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைகேட்புக் கூட்டத்தில் இந்த மடலின் படியை நேரில் கொடுக்க இருக்கிறேன். எந்த வார்டில் எந்தக் கிணறுகள் என்ற பட்டியலையாவது அதற்கடுத்த கூட்டத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னைக் குடியிருப்பாளர் ஒருவர்